குப்பைக்குப் போகும் இறால் ஓடு

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். மருத்துவம், உயிரியல், பொருளறிவியல் இம்மூன்றிலும் அண்மைக் காலத்தில் நடக்கும் ஆய்வுகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். மூன்றுமே பெரிய துறைகள். கால் மணி நேரத்தில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் மூன்றும் வந்து கூடும் ஒரு பொருள் இருக்கிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போனால் மூக்கே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இறால் ஓடு, நண்டு ஓடு. விலங்கியல் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க இந்த ஓட்டின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. இன்றைக்கும் அதைத்தான் பேசப் போகிறேன்.

இறால் வாங்கி வந்து வீட்டில் உரிக்கிறீர்கள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றினால் எடையில் பாதிக்குப் பாதி போய்விடுகிறது. உங்கள் வீட்டில் ஒரு கிண்ணம். இறால் கம்பெனிகளில் அது லாரிக் கணக்கு. உலகம் முழுக்க ஆண்டுக்கு 60 லட்சம் முதல் 80 லட்சம் டன் இறால், நண்டு ஓடுகள் கழிவாகின்றன என்று சிங்கப்பூர் வேதியியலாளர்கள் இருவர் 2015-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது, அல்லது கடலுக்கே திரும்பப் போகிறது.

சரி, இந்த ஓட்டில் என்ன இருக்கிறது? முக்கியமாக மூன்று. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். அப்புறம் புரதம். மூன்றாவது கைட்டின். வீடு கட்டும்போது கம்பி கட்டிக் கான்கிரீட் போடுகிறோமே, அங்கே கம்பி செய்யும் வேலையை இங்கே கைட்டின் செய்கிறது. இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தைகளை உட்கார வைத்துச் செய்யுங்கள். நண்டு ஓட்டில் ஒரு துண்டைக் கழுவி, ஒரு கண்ணாடி டம்ளர் வினிகரில் போடுங்கள். சிறு சிறு குமிழ்கள் கிளம்பும். வினிகரில் உள்ள அமிலம் சுண்ணாம்பைத் தின்கிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. வினிகரை மாற்றிச் சில நாள் விட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருந்த ஓடு வளையும், மடங்கும், ஆனால் எளிதில் கிழியாது. சுண்ணாம்பு போன பிறகும் எஞ்சி நிற்கிறதே, அதில்தான் கைட்டின் இருக்கிறது. என் வகுப்பில் இதைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் நண்டுக் குழம்பை வேறு கண்ணால் பார்த்தார்கள்.

கைட்டினை முதலில் கண்டவர் அன்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சுக்காரர். 1811-இல், காளானில் கண்டார். ஆம், காளானிலும் இருக்கிறது, வண்டின் இறக்கையிலும் இருக்கிறது. ஆனால் கைட்டின் எதிலும் சுலபமாகக் கரையாது. கரையாத பொருளை வைத்து மருந்தோ படலமோ செய்வது கடினம். அதை காஸ்டிக் சோடா போன்ற அடர்த்தியான காரத்தில் சூடாக்கினால் அதன் மூலக்கூறில் ஒரு சிறு பகுதி கழன்று கைட்டோசான் ஆகிறது. இந்தக் கைட்டோசான் நம் வினிகர் போன்ற மென்மையான அமிலத்திலேயே கரையும். கரைந்தால் அப்புறம் என்ன, நூலாக இழுக்கலாம், பஞ்சாக ஆக்கலாம், கூழாக்கலாம்.

இங்கேதான் மருத்துவம் வருகிறது. காயம் பட்டால் ரத்தம் தானாக உறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு உடம்பிலுள்ள உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். சிலருக்கு அது சரியாக நடக்காது. இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்! சவரத்தில் ஒரு கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். கைட்டோசான் அந்த வழியாகவே போவதில்லை. அதற்கு நேர் மின்னேற்றம் உண்டு. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம். இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. சிவப்பணுக்கள் கைட்டோசானின் மேல் வந்து திரண்டு அடைத்துக்கொள்கின்றன. அதனால்தான் இளக்கும் மருந்து கொடுத்த ரத்தத்திலும் அது வேலை செய்கிறது. திரும்பவும் சொல்கிறேன், உறைவுக் காரணிகளை நம்பி இருக்காமல் வேலை செய்கிறது.

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இப்படிச் செய்த கட்டுகளைப் பயன்படுத்தியது. நம் நாட்டிலும் அகமதாபாத்தில் 'ஆக்சியோஸ்டாட்' என்ற பெயரில் கைட்டோசான் கட்டு தயாராகிறது. ஆஞ்சியோகிராம் செய்து குழாயை உருவிய பிறகு அந்தத் துளையின் மேல் வைத்து அழுத்துவதற்கும் இந்த வகைக் கட்டுகள் உதவுகின்றன.

ஒருமுறை துறைமுகத்தில் இறால் உரிக்கும் ஒரு அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல் முழுக்கச் சின்னச் சின்ன வடுக்கள், எல்லாம் இறால் கொம்பு குத்தியவை. "இது குத்தித்தான் சார் தினமும் ரத்தம் வருது. இதுலேருந்தே ரத்தம் நிறுத்துற மருந்தா?" என்றார். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இந்தத் தோலை இங்கேயே வாங்குறவங்க யாரும் இல்லையா? உரிச்ச கூலி மட்டும்தானே எங்களுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் போகிற இடமெல்லாம் கொண்டுபோகிறேன். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பக்கத்திலேயே படகு, பக்கத்திலேயே இறால், பக்கத்திலேயே ஆய்வாளர்கள். கைட்டோசான் செய்து விற்கும் வேலை இந்தக் கரையில், அந்த அம்மா போன்றவர்களுக்குப் பங்கு உள்ள வேலையாக வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள். நண்டு ஓட்டை இடித்துப் புண்ணில் வைக்காதீர்கள். பச்சை ஓட்டில் கிருமி இருக்கும். மருத்துவக் கைட்டோசான் பல கட்டம் சுத்தம் செய்யப்பட்டது. இறால் சாப்பிட்டால் எனக்குத் தடிப்பு வருமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இறால் சதையிலுள்ள ஒரு புரதம். சுத்திகரிப்பில் புரதத்தை நீக்கிவிடுகிறார்கள். இருந்தாலும் மருத்துவரிடம் உங்கள் ஒவ்வாமையைச் சொல்லிவிடுவதே நல்லது. உடல் எடை குறையும் என்று கைட்டோசான் மாத்திரை விற்கிறார்கள். அதில் பணத்தைப் போடாதீர்கள். நல்ல முறையில் நடந்த சோதனைகளில் எடை குறைந்த அளவு மிகச் சொற்பம்.

அடுத்து மின்கலம். 2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூ குழுவினர், துத்தநாகத்தோடு கைட்டோசான் கூழைச் சேர்த்து ஒரு மின்கலம் செய்தார்கள். 1,000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் அதன் செயல்திறன் 99.7 சதவீதம். அந்தக் கூழ் மண்ணில் ஐந்தே மாதத்தில் மட்கிப்போனது, மிஞ்சிய துத்தநாகத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். செல்போனுக்கு வருமா என்று கேட்காதீர்கள். சூரிய மின்சாரத்தைப் பகலில் சேர்த்து இரவில் தருகிற பெரிய மின்கலங்களை மனத்தில் வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, மறைக்கக் கூடாது. ஓட்டிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அமிலம், புரதத்தை எடுக்கக் காரம், கைட்டோசான் ஆக்க இன்னும் அடர்த்தியான காரம். ஒவ்வொரு கட்டத்திலும் கழுவ ஏராளமான தண்ணீர். ரசாயனக் கழிவுநீர் என்றால் என்ன என்று, சிப்காட் ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழும் கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் தயிரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களை வைத்தே சுண்ணாம்பையும் புரதத்தையும் பிரிக்கும் முறைகளை ஆய்வு செய்கிறார்கள். இந்தக் கரையில் தொழில் வருவதானால் அந்த வழியில்தான் வர வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒட்டும் பசையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, சுரண்டினால் கையைக் கிழிக்குமே ஒரு சின்ன ஓட்டுப் பிராணி, ஆங்கிலத்தில் பார்னக்கிள், அதுவும் இறாலுக்கு உறவுதான். ஈரமும் அழுக்குமான பரப்பில் அது எப்படி ஒட்டுகிறது? எண்ணெய்ப் பசையால் முதலில் ஈரத்தை விலக்குகிறது, பிறகு புரதத்தால் ஒட்டுகிறது. அதைப் பார்த்து அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தார் கைட்டோசானும் சேர்ந்த நுண்துகள்களை எண்ணெயில் கலந்து ஒரு பசை செய்தார்கள். 2021-இல் வெளியான அந்த ஆய்வில், எலிகளிலும் பன்றிகளிலும், ரத்தம் கொட்டும் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தபோது ஏறத்தாழ 15 நொடியில் அடைத்துக்கொண்டது. தேவைப்பட்டால் மருத்துவர் அதைக் கரைத்து எடுக்கவும் ஒரு திரவம் வைத்திருக்கிறார்கள். பாறையில் நூல் விட்டு ஒட்டும் சிப்பியின் கதை பாக்கி இருக்கிறது, இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.