ஈரமில்லாத எழுத்து

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

"அண்ணே, ஆதார் கார்டு முன்னும் பின்னும் ரெண்டு ஜெராக்ஸ்!"

தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்கக் கேட்கிற குரல் இது. சூடு ஆறாத அந்தத் தாளை வாங்கும்போது, பழைய கிரேக்கச் சொல் ஒன்றும் நம் கைக்கு வந்து சேர்கிறது. கிரேக்க மொழியில் க்ஸேரோஸ் என்றால் உலர்ந்தது, ஈரமில்லாதது என்று பொருள். ஆங்கிலத்தில் முதல் ஒலி உதிர்ந்து ஸீரோ ஆனது; பூஜ்யத்தைக் குறிக்கும் ஸீரோ வேறு. நம் வாயில் அதுவே ஜெரா.

நகலுக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம்? முன்பெல்லாம் போட்டோ முறையில் பிரதி எடுத்தால் ரசாயனக் கரைசலில் தாளை முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும். காப்புரிமைப் பத்திரங்களோடு மல்லாடிய செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கருக்கு அது போதவில்லை.

1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறை. கார்ல்சனும் அவருடைய உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்தார்கள். அதில் மின்னூட்டம் ஏறியது. அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதிய கண்ணாடித் துண்டைத் தகட்டின் மேல் வைத்து, சில நொடி விளக்கொளி காட்டினார்கள். பிறகு தகட்டின் மேல் நுண்பொடியைத் தூவி, மெல்ல ஊதினார்கள். ஒளி பட்டு மின்னூட்டம் இழந்த மற்ற இடமெல்லாம் பொடி பறந்துபோக, எழுத்து மட்டும் ஒட்டி நின்றது. மெழுகுத்தாளை வைத்து அழுத்தி எடுத்ததும் தாளில் அந்த எழுத்து! ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. கோலப்பொடியை விரலிடுக்கில் வைத்து இழுக்கிற நம் பெண்களுக்கு இந்த அதிசயம் சட்டென்று புரியும்.

முதலில் அதற்கு மின்ஒளிப்படம் என்றுதான் பெயர். கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் சொன்ன யோசனையால் ஸீரோகிராஃபி, அதாவது உலர் எழுத்து, என்று ஆனது. 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரம் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது.

இதே வேர் ஒளிந்திருக்கும் இன்னொரு சொல் எலிக்ஸிர். இன்று அது குப்பியில் வரும் திரவ மருந்து. ஆனால் கிரேக்கத்தில் க்ஸேரியான் என்பது புண் ஆறத் தூவும் உலர்பொடி. அரபியர் அதை அல்இக்ஸீர் என்றார்கள். ரசவாதிகளின் கைக்குப் போய் அமுதமாகி, கடைசியில் பொடி திரவமாகவே மாறிவிட்டது.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது ஸீரோஃப்தால்மியா என்ற சொல்லைப் பற்றி. உலர்ந்த கண் என்று பொருள். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு முதலில் மாலைக்கண் வரும். விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் தடவித் தேடும். பிறகு வெள்ளைவிழி பளபளப்பு இழந்து, கருவிழியின் ஓரத்தில் சோப்பு நுரை போல ஒரு திட்டுப் படியும். அப்போதும் விட்டுவிட்டால் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும்.

தமிழில் வற்றல், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே வேர். உலர்வையும் ஏழ்மையையும் நம் மொழி ஒன்றாக வைத்திருக்கிறது. கிரேக்கப் பெயர் தாங்கிய இந்த நோய் போய்த் தங்குவதும் வறுமை இருக்கும் வீட்டில்தான்.

இதற்கு விடை தேடியதில் நம் திருச்சி மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. அங்கே 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. கண்ணைக் காக்கக் கொடுத்த மருந்து உயிரையும் காத்திருக்கிறது.

ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தவணை, ஒன்றரை வயதுவாக்கில் இரண்டாவது, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அரசு வைட்டமின் ஏ திரவ மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, அடுத்த தவணை எப்போது என்று இன்றைக்கே பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது முருங்கைக்கீரை ஆய்ந்து போடுங்கள்.

வணக்கம்.