சண்டை இல்லாத நாளில் சிப்பாய் என்ன செய்தான்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. இதை ரெண்டு நாளா மனசுலயே வச்சிருக்கேன். நேயர் ஒருத்தர் எழுதியிருக்காங்க: "ஐயா, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கெட்டிஸ்பர்க் சண்டையைப் பத்தி நீங்க பேசினதைக் கேட்டேன். சண்டை மூணே நாள். மத்த நாள்ல அந்தச் சிப்பாய் என்ன பண்ணிட்டிருந்தான்? நடந்துக்கிட்டேவா இருந்தான்? என்ன சாப்பிட்டான்?"

ரொம்ப சந்தோஷங்க. இப்படி ஒரு கேள்வி வராதான்னு காத்துக்கிட்டு இருந்தேன். 1861-லேர்ந்து 1865 வரைக்கும் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கிட்ட நாலு வருஷப் போர். அதுல ஒரு சிப்பாய் எதிரியை நேருக்கு நேரா பார்த்துச் சுட்ட நாளை எண்ணினா கொஞ்சம்தான் தேறும். மிச்சமெல்லாம் முகாம், காவல், நடை. நம்ம பேச்சைத் தொடர்ந்து கேக்குறவங்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான்: சிப்பாயைப் புரிஞ்சுக்கணும்னா அவன் தோள்ல என்ன தொங்குதுன்னு பாருங்க. இன்னிக்கும் அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

துப்பாக்கி மட்டும் நாலு கிலோ. இடுப்புப் பெட்டியில 40 தோட்டா. தண்ணிக் குடுவை, சாப்பாட்டுப் பை, போர்வை, ரப்பர் விரிப்பு. கூடாரத்துல பாதி இவன்கிட்ட, பாதி கூட்டாளிகிட்ட. ராத்திரி ரெண்டையும் பொத்தான் மாட்டிச் சேர்த்தாத்தான் ரெண்டு பேருக்கும் கூரை. எல்லாம் சேர்ந்து 18, 20 கிலோ வந்துடும். இதைச் சுமந்துகிட்டு ஒரு நாளைக்கு 15 மைல், 20 மைல். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உக்கார விடுவாங்க, அதுவும் அவசரம் இல்லாத நாளா இருந்தா.

நாலு நாலு பேரா வரிசை. முன்னாடி போறவன் ஒரே சீரா நடப்பான். கடைசியில வர்றவன் பாடுதான் பாடு. முன்னாடி ஒரு ஓடையைத் தாண்ட வரிசை கொஞ்சம் தயங்கினா, பின்னாடி ஆயிரக்கணக்கான பேர் அப்படியே நிப்பாங்க. அப்புறம் இடைவெளியை அடைக்க ஓடணும். நிக்கிறது, ஓடுறது, மறுபடி நிக்கிறது. முன்னாடி போனவங்க கிளப்பின புழுதி அத்தனையும் இவன் தொண்டையில. அதனாலதான் இன்னிக்கு முன்னாடி போன பிரிவை நாளைக்குப் பின்னாடி விடுவாங்க.

1862 ஆகஸ்ட்ல தெற்குத் தளபதி ஜாக்சன் தன் ஆளுங்களை ரெண்டே நாள்ல 50 மைலுக்கு மேல நடத்திக் கொண்டுபோய் வர்ஜீனியாவுல மனாசஸ் ரயில் சந்திப்புல நிறுத்தினார். அங்க வடக்குப் படையோட உணவுக் கிடங்கு மலை மலையாக் குவிஞ்சு கிடந்தது. பசியோட வந்தவங்க அள்ளிச் சாப்பிட்டாங்க. அடுத்த மாசமே அதே தெற்குப் படை மேரிலாந்துக்குள்ள போறப்போ, நிறையப் பேர் கால்ல செருப்பே இல்ல. கல் பாவின ரோட்டுல வெறுங்கால். பாதம் கிழிஞ்சு வழியிலேயே தங்கிட்டவங்க அத்தனை பேர். சண்டை நடக்கிற இடத்துக்கே வந்து சேராத ஆளுங்க! இதையெல்லாம் கணக்குல எடுக்காம தளபதி அப்படித் திட்டம் போட்டார், இப்படிப் போட்டார்னு பேசுறதுல எனக்கு உடன்பாடே கிடையாது.

சரி, சாப்பாடு. வடக்குச் சிப்பாய்க்கு நடையில கிடைக்கிறது ஹார்ட்டாக். வெறும் மாவும் தண்ணியும் சேர்த்துச் சுட்ட கெட்டி பிஸ்கட்டு. ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து. கூட உப்புக்கண்டமாப் போட்ட பன்றி இறைச்சி, சர்க்கரை, உப்பு, காபி. நானே ஒரு தடவை மாவு பிசைஞ்சு அந்த ஹார்ட்டாக்கைச் சுட்டுப் பார்த்தேன். மூணு நாள் காயவச்சு வாயில வச்சேன், பல்லு இறங்கவே இல்ல. அவங்க துப்பாக்கிக் கட்டையால உடைச்சு, சூடான காபியில ஊறப்போடுவாங்க. உள்ள இருக்கிற வண்டு மேல மிதக்கும். அதை வழிச்சுப் போட்டுட்டுக் குடிப்பாங்க.

காபின்னா வடக்குச் சிப்பாய்க்கு உயிர். பங்கீட்டுக் கணக்குப்படி வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு 16 கிலோ வருது. தெற்குக்குப் போற கடல் வழியை வடக்கு அடைச்சதால அங்க காபி கிடைக்கல. கம்பு மாதிரியான தானியம், ஓக் மரத்துக் கொட்டை, சிக்கரின்னு எதையாவது வறுத்துக் கொதிக்க வச்சாங்க. 1862 குளிர்காலத்துல ராப்பஹானக் ஆத்தோட ரெண்டு கரையிலயும் ரெண்டு படையும் கிடந்தப்போ, சின்னப் பலகைப் படகு செஞ்சு, இந்தப் பக்கத்துலேர்ந்து காபியும் அந்தப் பக்கத்துலேர்ந்து புகையிலையும் அனுப்பிக்கிட்டாங்க. மேலதிகாரிங்க தடுத்தும் நிக்கல.

அந்தக் காபியை எப்படிப் பங்கு போட்டாங்க தெரியுமா? தரையில ரப்பர் விரிப்பை விரிச்சு, எத்தனை பேரோ அத்தனை குவியல் வைப்பாங்க. ஒண்ணு கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சா ஒரு சிட்டிகை எடுத்துப் பக்கத்துல போடுவாங்க. அப்புறம் சார்ஜெண்ட் முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்குவார், கையில பேர்ப் பட்டியல். இன்னொருத்தன் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?"ன்னு கேப்பான். பார்க்காமலே அவர் ஒரு பேரைச் சொல்லணும். ஒரு பிடி காபிக்கொட்டைக்கு அவ்வளவு நியாயம் பார்த்திருக்காங்க. வாங்கினதும் சர்க்கரையோட கலந்து துணிப்பையில முடிஞ்சுக்குவாங்க. பத்து நிமிஷம் நிறுத்தினாங்கன்னா போதும், உடனே அடுப்பு.

இன்னொண்ணும் இருக்கு. செத்துப்போனது ஆறு லட்சத்துக்கு மேல. அதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு நோயால. வயித்துப்போக்கு, டைஃபாய்டு. குதிரை இறங்கின குட்டையிலேயே குடுவையை முக்கினாங்க. கிருமின்னு ஒண்ணு இருக்கிறதே அப்போ யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா காபிக்காகக் கொதிக்க வச்ச தண்ணி எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

நீங்க என்ன சாப்பிட்டான்னு கேட்டீங்க. நான் அந்த இடத்துல இருந்தா, "எதை வழியில போட்டான்?"னு கேட்டிருப்பேன். முதல் நாள் வெயில் ஏறினதும் ஓவர்கோட்டு போகும். அப்புறம் கனமான முதுகுப்பை. இருக்கிறதைப் போர்வைக்குள்ள சுருட்டி, மாலை மாதிரிக் குறுக்கால போட்டுக்குவான். புதுசாச் சேர்ந்த படை போன பாதை பூரா போர்வை கிடக்கும். குளிர் வந்ததும் அதுக்கு ஏங்குவான். சண்டை நெருங்குதுன்னு தெரிஞ்சா சீட்டுக்கட்டை வீசிடுவான். நாம செத்து, நம்ம பையில சீட்டுக்கட்டு இருந்ததுன்னு அம்மாவுக்குச் சேதி போயிடக்கூடாதே! தகர டம்ளரை மட்டும் போட மாட்டான். கடிதங்களையும் போட மாட்டான்.

1863 நவம்பர் கடைசி, வர்ஜீனியாவுல மைன் ரன்னுன்னு ஒரு ஓடை. எதிர்க்கரையில தெற்குப் படை பலமா அரண் கட்டிட்டாங்க. விடிஞ்சா அதைத் தாக்கணும்னு வடக்குப் படைக்கு உத்தரவு. உறைய வைக்கிற குளிர். அப்போ சிப்பாய்க்கு ராணுவம் அடையாளத் தகடு எதுவும் கொடுக்கல. அரணைப் பார்த்தவங்களுக்கு என்ன நடக்கும்னு புரிஞ்சுபோச்சு. ஒரு துண்டுத் தாள்ல பேரை எழுதி, அவங்கவங்க கோட்டுல குத்திக்கிட்டாங்க. காலையில தளபதி வாரன் அந்த அரணைப் பார்த்துட்டுத் தாக்க முடியாதுன்னு நிறுத்தினார். அவருக்கு மேல படைத்தலைவரா இருந்த மீடும் ஒத்துக்கிட்டார். ரெண்டு நாளுக்குள்ள படை மொத்தமும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ராப்பிடான் ஆத்தைத் தாண்டி வந்த வழியே நடந்தது.

அடுத்த கேள்விக்குப் போவோம்.