மெசேஜ் யார் கையில் இருக்கு? சர்வர்களுக்கு ஒரு லைப்ரரி தேடும்போது

[காட்சி: தேக்கா உணவங்காடி. பானக் கடை முன்னால வரிசை.]

தே தாரிக் சொல்றீங்க, காசு கொடுக்குறீங்க, கிளாஸ் கைக்கு வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கிறீங்க. ரெண்டு சர்வர் புரோகிராம் பேசிக்க ஆக எளிய வழி இதுதான். உங்க வேலை இவ்வளவுதான்னா, ஒரு புரோகிராம் இன்னொண்ணைக் கூப்பிட்டுப் பதில் வாங்க உதவுற ஜிஆர்பிசி போதும். வீடியோவை இங்கேயே நிறுத்திடலாம்.

இருக்கீங்களா? சரி.

சர்வர்களுக்கு நடுவுல மெசேஜ் அனுப்ப லைப்ரரி, அதாவது தயாரா எழுதி வெச்ச கோடு, தேடுறவங்க முதல்ல கேக்குறது, "எது வேகம்?" நான் கேக்கச் சொல்றது வேற: வாங்கவேண்டிய சர்வர் செத்துக் கிடக்குற நேரத்துல, மெசேஜ் யார் கையில இருக்கும்?

[காட்சி: எம்ஆர்டி நடைமேடை. ஒலிபெருக்கி.]

நாலு மொழியில அறிவிப்பு வருது. தமிழ் முடிஞ்ச பிறகு நீங்க எஸ்கலேட்டர்ல இறங்குனா, உங்களுக்காக யாரும் திரும்பச் சொல்லமாட்டாங்க. ஸீரோஎம்க்யூங்கிற லைப்ரரியோட பப்-சப், அதாவது ஒருத்தர் அனுப்ப சந்தாதாரர்கள் எல்லாரும் வாங்குற முறை, அப்படித்தான். பேர்ல இருக்குற ஸீரோவுக்கு முதல் அர்த்தமே, நடுவுல மெசேஜை வாங்கிக் கைமாத்துற புரோக்கர் கிடையாதுங்கிறதுதான். உங்க புரோகிராமுக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். தனியா ஒரு சர்வர் நிறுவ வேண்டாம்.

ஆனா சந்தாதாரர் இணைய சில மில்லிவினாடி ஆகும். அதுக்குள்ள அனுப்புனது அவருக்குக் கிடைக்காது. எரர் வராது, லாக்ல ஒரு வரி இருக்காது. முதல் தடவை இதுல மாட்டுனப்போ ரெண்டு நாள் ஃபயர்வாலைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

இன்னொண்ணு. ஒவ்வொரு இணைப்புக்கும் வரிசையில இயல்பா 1000 மெசேஜ்தான் வரம்பு. வாங்குறவர் மெதுவா இருந்து அது நிரம்பிட்டா, பப் சாக்கெட் (பப்-சப்ல அனுப்புற முனை) அவருக்குப் போகவேண்டியதைச் சத்தமில்லாம கீழே போட்டுடும். வேலையைப் பங்கு போட்டு அனுப்புற புஷ் சாக்கெட் கீழே போடாது, அனுப்புறவரையே நிறுத்தி வைக்கும். பழைய 2ஆம் பதிப்புல இயல்பா வரம்பே இல்ல. மெமரி தீர்ற வரைக்கும் சேர்ந்துக்கிட்டே போகும். எது பரவாயில்லன்னு உங்க தரவைப் பார்த்துச் சொல்லுங்க. பங்கு விலைன்னா பழசு போனா போகுது, புதுசு வந்துடும். பணம் கட்டுன ரசீதுன்னா?

[காட்சி: புளோக்குக்குக் கீழே பார்சல் லாக்கர்.]

ரசீதுக்கு இது வேணும். டெலிவரிக்காரர் வெச்சுட்டுப் போறார், நீங்க ராத்திரி வந்து எடுக்குறீங்க. ரேபிட்எம்க்யூங்கிற புரோக்கர்தான் இந்த லாக்கர். அதுலயும் ஒரு பொறி இருக்கு. வரிசையை நிலையானதுன்னு அறிவிக்கணும், மெசேஜையும் நிலையானதுன்னு குறிக்கணும். ஒண்ணை மறந்தாலும் புரோக்கர் ரீஸ்டார்ட் ஆகும்போது லாக்கர் காலி. வாங்குறவர் வேலையை முடிச்ச பிறகுதான் ஒப்புதல் அனுப்பணும். முன்னாடியே அனுப்பிட்டா, நடுவுல அவர் விழுந்ததும் மெசேஜும் போச்சு.

ஒரு வேடிக்கை: ரேபிட்எம்க்யூ பேசுற ஏஎம்க்யூபி நெறிமுறையை முதல்ல எழுதுனதுல ஐமேட்டிக்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. அதே ஐமேட்டிக்ஸ்தான் பிறகு புரோக்கரே வேண்டாம்னு ஸீரோஎம்க்யூ பக்கம் போச்சு.

காஃப்கா? அதுவும் நடுவுல இருந்து மெசேஜை வெச்சிருக்குற ஒண்ணுதான். லிங்க்ட்இன்ல பிறந்து 2011ல திறந்த மூலமா வெளியானது. படிச்ச மெசேஜையும் வெச்சிருக்கும், பழசைத் திரும்ப வாசிக்கலாம். நாளைக்கு நூறு மெசேஜ் போற இடத்துக்கு அது, கறிவேப்பிலை வாங்க லாரி பிடிச்ச கதை.

[காட்சி: டெர்மினல் திரை.]

இப்போ சோதிப்போம். ஒண்ணுலேருந்து பத்தாயிரம் வரைக்கும் எண் போட்டு அனுப்புறேன். நடுவுல, இதோ, வாங்குறவரைக் கொல்றேன். பத்து வினாடி கழிச்சு எழுப்புறேன். இப்போ எந்த எண்கள் காணோம்னு எண்ணுவோம்.