ஆகிற செலவும், அதற்கு மேல் 12 சதவீதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்ட ஆள் தேடும்போது மூன்று விதமாகப் பேசுவார்கள். கூலி அவர்களுடையது, பொருள் நாம் வாங்கித் தர வேண்டும். இது லேபர் கான்ட்ராக்ட். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது இப்படி வரும்: “சார், ஆகிற செலவு ஆகட்டும். பில்லைக் காட்டுறேன். அதுக்கு மேல 12 பர்சன்ட் குடுங்க, போதும்.” கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சிவில் வக்கீலாக என் மேஜைக்கு வந்த கட்டுமானத் தகராறுகளில் என்னை அதிகம் படுத்தியது இந்த மூன்றாவது ரகம்தான்.

சதுர அடிக் கணக்கில் கம்பி விலை ஏறினால் கான்ட்ராக்டருக்கு வயிற்றெரிச்சல். சதவீதக் கணக்கில் அவருக்கும் வருமானம் ஏறுகிறது. ஒரு லட்சத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்றரை லட்சமானால், அவருடைய 12,000 ரூபாய் 18,000 ஆகிவிடும். ஆள் தங்கமானவராகவே இருக்கட்டும். கடையில் நின்று பேரம் பேச அவருக்கு என்ன அவசரம்?

இது என் சந்தேக புத்தி என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐப் பாருங்கள். இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று அரசாங்கம் தன் அதிகாரிகளுக்கே சொல்கிறது. அமெரிக்க மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே போய், தன் கொள்முதலில் செலவின் மேல் சதவீதம் என்ற முறையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. செலவோடு குறிப்பிட்ட ஒரு தொகை என்றால் சம்மதம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மகன் வெளியூரில் வேலை. கட்டுகிற வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டு பாட்டிதான் காவல். காலியாகும் சிமென்ட் சாக்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவார். அதில் வருவது அவருடைய வெற்றிலைக் காசு. காசு விஷயம் என்பதால் கணக்கு சுத்தம். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எத்தனை சாக்கு என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

வேலை முடிந்து கடைசி பில் வந்தது. சிமென்ட் 640 மூட்டை. பாட்டியின் காலண்டரைக் கூட்டினால் 571. வித்தியாசம் 69. அன்றைய விலை மூட்டை 400 ரூபாய் என்று வைத்தால் 27,600. அதோடு நிற்கவில்லை பாருங்கள். வராத மூட்டைக்கும் 12 சதவீதம் உண்டல்லவா, அது 3,312.

இரண்டு தரப்பும் என் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே, “சாக்குல ரப்பிஷ் அள்ளிட்டுப் போயிருப்பாங்க பாட்டி” என்றார். பாட்டி காலண்டரைத் திருப்பிக் காட்டினார். “அதையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன் தம்பி. பக்கத்துல ‘ர’ போட்டிருக்கேன் பாரு.” அப்புறம் அந்தத் தொகையைக் கடைசி பில்லில் கழித்துக்கொண்டார்கள். கோர்ட் படி ஏறவே இல்லை.

நான் செய்தது என்ன? டீ வாங்கிக் கொடுத்ததுதான். ஏனென்றால் அவர்களுடைய ஒப்பந்தம் ஒரே ஒரு தாள். சதவீதம் இருந்தது, இரண்டு கையெழுத்து இருந்தது. கணக்கு யார் எழுதுவது, பில் எப்போது காட்டுவது, ஒரு வரி கிடையாது. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி கிடைக்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துக்கு முன்னால் வக்கீலிடம் வாருங்கள். முன்னால். கட்டடத்துக்குச் செலவழிப்பதோடு பார்த்தால் அந்த ஃபீஸ் ஒரு ஜன்னல் விலைகூட இராது.

வந்தால் நான் முதலில் கேட்பது, “செலவு என்றால் எது எது?” என்பதுதான். கலவை மெஷின் வாடகை செலவு, சரி. கான்ட்ராக்டரின் பைக் பெட்ரோல்? அவருடைய ஆபீஸ் பையனின் சம்பளம்? சுவரைத் தப்பாக எழுப்பி இடித்துக் கட்டினால், இடித்ததற்கும் கட்டியதற்கும் உங்களிடமே சதவீதம் வாங்கலாமா? எழுதி வைக்காவிட்டால் வாங்கத்தான் பார்ப்பார்கள். கடைக்காரர் தருகிற தள்ளுபடி யாருக்குச் சேரும் என்பதும் அப்படித்தான். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், வாரா வாரம் கைக்கு வரட்டும். இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு போடுங்கள். முன்னே சொன்னேனே, அதுதான் இது: முடிந்தால் சதவீதத்தையே விட்டுவிட்டு, மேற்பார்வைக்கு ஒரே தொகையாகப் பேசிவிடுங்கள்.

பழைய வீட்டைப் பிரித்துச் சரிசெய்யும்போது, ஆகிற செலவுக்கு மேல் சதவீதம் என்கிற முறை தேவைப்படும், அதையும் சொல்ல வேண்டும். காரையைத் தட்டினால்தான் உள்ளே என்ன என்பது தெரியும். முன்கூட்டியே விலை சொல் என்றால் எந்தக் கான்ட்ராக்டராலும் முடியாது. அவர்கள் பக்கத்து நியாயமும் நிறைய உண்டு. ‘இதையும் போடுங்க, அதையும் போடுங்க’ என்று வாய்ச்சொல்லில் வேலை வாங்கிவிட்டுக் காசு தராத வீட்டுக்காரர்களும்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடம்தான் பாக்கி.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுச் சிக்கிக்கொண்டவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடியிருப்புக்கு வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி சேவை. குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம்; அது இருந்தாலும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. உதவி எண் 15100. மறுபடியும் சொல்கிறேன், 15100. போகும்போது பில்களைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். காலண்டர் இருந்தால் அதையும்.

வணக்கம்.