ஒளிரும் புள்ளி ஒற்றைத் துகள்தானா?

“சிலிக்கா உறை போட்ட அப்கன்வர்ஷன் நானோ துகள்களைக் கரைசலாகக் குப்பியில் வைத்தே ஒளியை அளந்துவிடலாமே, ஒவ்வொரு துகளாக ஏன் அளக்க வேண்டும்?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அப்கன்வர்ஷன் துகள் என்றால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழும் துகள்.

குப்பியில் கிடைப்பது கோடிக்கணக்கான துகள்களின் மொத்த ஒளி. உறை போட்டபின் அந்த ஒளி குறைந்தால், உறைதான் காரணமா, கழுவிக் கழுவி எடுத்ததில் துகள்களே குறைந்துபோயினவா? குப்பியைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. அதனால்தான் ஒற்றைத் துகளைத் தேடிப் போகிறோம்.

கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் உலரவிட வேண்டும். 980 நானோமீட்டர் லேசரைக் குவித்து, வில்லையைப் புள்ளி புள்ளியாக வருட வேண்டும். துகளுக்குள் இருக்கும் இட்டெர்பியம் என்ற தனிமத்தின் அயனிகள் அந்த அகச்சிவப்பு ஒளியை வாங்கி, எர்பியம் என்ற இன்னொரு தனிமத்தின் அயனிகளுக்குக் கொடுக்கும். எர்பியம் 540 நானோமீட்டர் அருகே பச்சையும் 655 நானோமீட்டர் அருகே சிவப்பும் உமிழும். இங்கே அவசரம் கூடாது. இந்த ஒளி அணைய நூற்றுக்கணக்கான மைக்ரோ வினாடிகள் ஆகும். ஒவ்வொரு புள்ளியிலும் சில மில்லி வினாடிகளாவது நிற்காமல் விரைந்தால், படத்தில் துகளுக்கு வால்நட்சத்திரம்போல் வால் முளைத்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. துகள் 30 நானோமீட்டர்தான் என்றாலும் நுண்ணோக்கியில் அது சுமார் 300 நானோமீட்டர் அகலப் புள்ளியாகத் தெரியும். மூன்று துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே ஒரு புள்ளிதான். ஒற்றைச் சாய மூலக்கூறு என்றால் சட்டென்று ஒரே படியில் அணைந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் துகளுக்குள் ஆயிரக்கணக்கான அயனிகள் இருப்பதால் இது சிமிட்டுவதில்லை, வெளிறுவதும் இல்லை. மணிக்கணக்கில் அளக்க உதவும் அதே நற்குணம் எண்ணிக்கையை மறைத்துவிடுகிறது. எனவே வில்லையில் அடையாளம் கீறிவைத்து, அதே இடத்தை அணுவிசை நுண்ணோக்கியிலும் (நுண்ணிய ஊசியால் பரப்பைத் தடவி உருவம் காட்டும் கருவி) பாருங்கள். மிகப் பிரகாசமான புள்ளியைத்தான் அளக்கக் கை பரபரக்கும். அது கொத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

லேசர் செறிவையும் தவறாமல் குறித்துவையுங்கள். குறைந்த செறிவில் லேசரை இரட்டித்தால் பச்சை ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். செறிவு கூடக் கூட அந்த ஏற்றம் தளர்ந்துவிடும். குவித்த லேசரின் செறிவு குப்பியில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே உறையுள்ள துகளையும் உறையில்லாததையும் ஒரே செறிவில் அளந்து, பக்கத்து வெற்றுக் கண்ணாடியில் பதிவாகும் பின்னணி ஒளியின் அளவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.