கார்லைல் மாணவர்களின் 1912

அவையோருக்கு வணக்கம்.

பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமில் 1879இல் ஒரு பள்ளி தொடங்கியது. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் பள்ளி. நிறுவியவர் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி. பிள்ளைகள் வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பழங்குடியைக் கொன்றுவிட்டு அவனுக்குள் இருக்கும் மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று 1892இல் மேடையேறியே சொன்னவர் பிராட்.

அந்தப் பிள்ளைகள்தான் ஹார்வர்டு, பென்சில்வேனியா போன்ற பெரிய பல்கலைக்கழகங்களோடு அமெரிக்கக் கால்பந்து ஆடினார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் ஆட்டம் அது. உடல் எடையில் இவர்கள் பெரும்பாலும் குறைவு. அதனால் வேகத்தையும் மூளையையும் நம்பினார்கள். 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக, சார்லஸ் டில்லன் என்ற வீரரின் சட்டை முதுகுக்குள் பந்தைச் செருகிவிட்டார்கள். பந்து யாரிடம் என்று ஹார்வர்டு தேடிக்கொண்டிருக்க, டில்லன் கைவீசி ஓடிப்போய் எல்லையைத் தொட்டார். ஆட்டம் ஒரு புள்ளியில் கைவிட்டுப் போனது, அது வேறு விஷயம்.

சரி, 1912க்கு வருவோம். அந்த ஆண்டு விதிகள் மாறின. பத்து கெஜம் முன்னேற மூன்றுக்குப் பதில் நான்கு வாய்ப்பு. எல்லையைத் தொட்டால் ஐந்துக்குப் பதில் ஆறு புள்ளி. பந்தை முன்னோக்கி வீசும் தூரத்துக்கு இருந்த வரம்பும் போனது. முட்டி மோதி ஆடுபவர்களை விட ஓடி ஆடுபவர்களுக்கு வாய்ப்பான மாற்றங்கள் இவை. பயிற்சியாளர் கிளென் வார்னர் அதைப் பிடித்துக்கொண்டார். அணித்தலைவர் ஜிம் தோர்ப், சாக் ஃபாக்ஸ் இனத்தவர். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த பென்டத்லானிலும், பத்து விளையாட்டுகள் சேர்ந்த டெகத்லானிலும் தங்கம் வாங்கி வந்திருந்தார்.

நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட். எதிரில் ராணுவக் கல்லூரி அணி. சமவெளிப் பழங்குடிகள் மீது படை நடத்திய கஸ்டர் போன்ற அதிகாரிகள் படித்து வெளிவந்த இடம் அது. ஊண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா பழங்குடி மக்கள் அமெரிக்க ராணுவத்தால் கொன்று குவிக்கப்பட்டு இருபத்திரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. களத்தில் நின்ற எந்தப் பையனுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

முதலில் புள்ளி எடுத்தது ராணுவம்தான். கார்லைல் பதிலடி கொடுத்து 7-6 என்று முந்தியது. ஓட்டக்காரர்களை வரிசையின் இரு ஓரங்களிலும் நிறுத்தும் புதிய வியூகம் வார்னருடையது. களத்தில் அதை இயக்கியவர் ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த கஸ் வெல்ச். எல்லோரும் தோர்ப்பையே குறிவைக்க, அலெக்ஸ் அர்காசா மூன்று முறை எல்லையைத் தாண்டினார். இரண்டாம் பாதியில் ராணுவ அணித்தலைவரே முரட்டு ஆட்டத்துக்காக வெளியேற்றப்பட்டார். முடிவு 27-6. தோற்ற அணியில் ஆடிய ஒருவர் ட்வைட் ஐசனோவர், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி.

துப்பாக்கி இல்லாமல், இரு தரப்புக்கும் ஒரே விதியோடு, நடுவர் முன்னால் நடந்த மோதல் அது. அப்படி ஒரு வாய்ப்பு அவர்களுடைய அப்பாக்களுக்குக் கிடைத்ததே இல்லை. அதனால்தான் அந்தப் பருவத்தின் மற்ற வெற்றிகளை எல்லாம் விட இந்த ஓர் ஆட்டம் எனக்குப் பெரிது.

அடுத்த வாரமே பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். பருவம் முழுக்க அது ஒன்றுதான் தோல்வி. பன்னிரண்டு வெற்றி, ஒரு சமநிலை.

அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. காசுக்கு ஆடுபவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. 1913 ஜனவரியில், முன்பு சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்று காரணம் காட்டித் தோர்ப்பின் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். அவர் இறந்தது 1953இல். தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு மீண்டும் ஏற்றுக்கொண்டது 2022இல்! பள்ளி 1918இல் மூடப்பட்டு, கட்டடங்கள் மறுபடியும் ராணுவத்திடமே போய்ச் சேர்ந்தன.

ஆனால் ஆட்டக்காரர்கள் அதோடு ஓயவில்லை. வெல்ச் வழக்கறிஞர் ஆனார். அணியின் இன்னொரு ஓஜிப்வே வீரர் ஜோ கையன் தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்றார். 1920இல், இன்றைய தேசியக் கால்பந்து லீகின் முன்னோடிச் சங்கம் உருவானபோது, அதற்கு முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜிம் தோர்ப்.