மணல் தொட்டி கட்டிய கட்டடக் கலைஞர்

வணக்கம் நேயர்களே. தெருவில் யாராவது வீடு கட்டினால் வாசலில் ஒரு லோடு மணல் கொட்டுவார்கள் இல்லையா? அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் மேல்தான் இருப்பார்கள். மேஸ்திரி வந்து விரட்டுவார். அவர் தலை மறைந்ததும் மறுபடி ஏறுவார்கள். அந்த மணல் குவியலைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்திருப்பது ஆல்டோ வான் ஐக் என்ற டச்சுக் கட்டடக் கலைஞரைப் பற்றி. 1918-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். அப்பா கவிஞர், லண்டனில் டச்சுப் பத்திரிகை நிருபராக இருந்தவர். அதனால் பிள்ளைப் பருவம் இங்கிலாந்தில் கழிந்தது. படித்தது சூரிச்சில். போர் முடிந்து 1946-இல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிரிவுக்குத் தலைவர் கோர்னெலிஸ் வான் ஏஸ்டெரன். 2000-ஆம் ஆண்டில் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று 1930-களிலேயே கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஊரை விரித்துத் திட்டம் தீட்டியவர். அப்படிப்பட்ட அலுவலகத்தில் நம் ஆளுக்கு வந்த வேலை, ஒரு சின்னச் சதுக்கத்தில் பிள்ளைகள் விளையாட இடம் அமைப்பது.

அந்த யோசனை வந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதே பிரிவில் மூத்த அதிகாரி யாகோபா முல்டர் என்ற அம்மையார். தெருவோர மரத்தடி மண்ணைத் தோண்டி ஒரு சின்னப் பெண் பலகாரம் செய்து விளையாடுவதை அவர் பார்த்தாராம். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்து மண்ணை அசிங்கம் செய்துவிட்டது. இந்தக் குழந்தைக்கு ஒரு பிடி சுத்தமான மணல் கொடுக்க நம்மால் முடியாதா என்று அம்மையாருக்குத் தோன்றியதாம்.

சரி, 1947-இல் பெர்டல்மான்பிளைன் சதுக்கத்தில் வான் ஐக் என்ன செய்தார்? ஒரு மணல் தொட்டி. அதன் கான்கிரீட் விளிம்பைத் தாழ்வாக, நல்ல அகலமாகக் கட்டினார். அம்மா உட்காரலாம், பிள்ளை அதன் மேல் மண்சோறு ஆக்கலாம். நம் திண்ணையில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். தொட்டிக்குள் நான்கு வட்டக் கற்கள். தள்ளி, தொங்கிக் குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பிகள். பெஞ்சுகள், மரங்கள். அவ்வளவுதான். வேலி கிடையாது. இன்னொன்றைக் கவனியுங்கள்: தொட்டியை நட்டநடுவில் வைக்கவில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். நடுவில் வைத்தால் மற்றதெல்லாம் அதைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் என்பது என் விளக்கம்.

அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 1951-இல் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய பிறகும் அவர் இதை நிறுத்தவில்லை. சுமார் முப்பது வருடத்தில் 700-க்கும் மேற்பட்ட இடங்கள்! எங்கே இடம் கிடைத்தது? இந்த இடத்தில் கொஞ்சம் கனமான விஷயம் வருகிறது. யூதர்களை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனபின் அவர்கள் வீடுகள் காலியாகக் கிடந்தன. 1944-45 பஞ்சக் குளிரில் ஊர்மக்கள் அந்த வீடுகளின் உத்தரங்களையும் படிகளையும் பெயர்த்து அடுப்பெரித்தார்கள். வீடுகள் சரிந்தன. இரண்டு சுவர்களுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி மனைகள். டெய்க்ஸ்ட்ராட் போன்ற தெருக்களில் அந்தக் காலி மனைகளில்தான் மணல் தொட்டிகள் வந்தன.

யானை, ஒட்டகச்சிவிங்கி வடிவத்தில் எதையும் அவர் வைக்கவில்லை. யானை பொம்மை யானையாக மட்டும்தானே இருக்கும்? வளைத்த கம்பிக்கூடு ஒன்று இன்றைக்கு மலை, நாளைக்கு வீடு. பெரும்பாலும் அசையாத சாமான்கள்தாம், அசைய வேண்டியது பிள்ளை. எங்கள் குடியிருப்பில் பூங்கா போட்டபோது நானும் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். மணலா, வீடெல்லாம் குப்பையாகும் சார் என்றார்கள். ரப்பர் தரையும் ஒட்டகச்சிவிங்கிச் சறுக்குமரமும் வந்தன. மே மாதம் மதியத்தில் அந்த ரப்பர் மேல் கால் வைத்துப் பாருங்கள். போகட்டும்.

பனி கொட்டினால் ஊரே பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது, ஆனால் பனி கரைந்துவிடும், கரையாத ஏதாவது அவர்களுக்கு வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். நம் மணல் குவியலும் அப்படித்தான். கட்டட வேலை முடிந்தால் போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நண்பர் விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். பெரிய கட்டடங்களைப் பற்றி ஒரு தாளே எழுதி வந்தேன், ஒன்றே ஒன்றாவது சொல்லிவிடுகிறேன். 1960-இல் முடிந்த ஆம்ஸ்டர்டாம் அநாதைப் பிள்ளைகள் இல்லம். 125 பிள்ளைகள். கூரை மேல் 328 சின்னக் குவிமாடங்கள், 8 பெரியவை. ஒரே நீளத் தாழ்வாரமாகப் போட்டு அறைகளை வரிசை கட்டாமல், சின்னச் சின்ன வீடுகளுக்கு நடுவே தெரு போகிற மாதிரி அமைத்தார். தரையில் பள்ளம், மேடு, ஏறி உட்காரப் படி, ஆங்காங்கே பதித்த குட்டிக் கண்ணாடிகள். 1980-களில் அதை இடிக்கப் பார்த்தார்கள். பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்ததால் தப்பியது. இப்போது அங்கே அலுவலகம் நடக்கிறது. 1990-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது, 1999-இல் காலமானார். மணல் தொட்டிகளில் பழைய உருவில் மிஞ்சியவை கொஞ்சம்தான். ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் அருங்காட்சியகத்துக்கு நடுவில் ஒரு அரைமணி ஒதுக்கி, அந்தக் கான்கிரீட் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வணக்கம்.